அப்பா காலில் காணாமல் போன காப்பர்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

அண்ணன் மகள் பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உங்கள் வாய்வலி எப்படி இருக்கிறது? எங்கள் வீட்டுக்கு வந்துபோனதிலிருந்து நீங்கள் எதையுமே கடித்துச் சாப்பிடுவதில்லை என்று சித்தி வருத்தப்பட்டார்.

நிற்க. அப்பாவுக்குக் கால் மரத்துப்போச்சு சித்தப்பா! தையல் மெஷின் பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்று காலுக்கே தெரியாமல், பேங்க் மேனேஜரின் பேன்ட்டில் ஒரு காலை அடியோடு மூடித் தைத்துவிட்டார். அந்த மனுஷன் கடையிலேயே போட்டுப் பார்த்து, ஒத்தக்கால்ல நின்னு கத்தினார். அப்புறம் ஒருநாள் செருப்பு கழண்டதே தெரியாம ஒத்தச் செருப்போட வீடு வந்தார். அம்மா பயந்து டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போக, ரத்தத்துல பார்த்தா காப்பர் பேருக்குக்கூட இல்ல, ஜிங்க் கூரையைப் பிச்சுக்கிட்டு நிக்குது. ரெண்டுமே உடம்புக்குத் துளியூண்டுதான் வேணும். ஆனா ஜிங்க் ஓவராப் போனா காப்பரை உள்ள விடாது, ஒரு ஹீரோ ரசிகருங்க தியேட்டர் சீட்டு பூரா துண்டு போட்டு வச்ச மாதிரி. காப்பர் இல்லேன்னா நரம்பு காலி. "இப்படியே விட்டா நடக்க முடியாது. ஜிங்க் எங்கேர்ந்து வருது?"ன்னு டாக்டர் கேட்டதும் மொத்தக் குடும்பமும் என்னையே பார்த்துச்சு.

நான் தாதுச்சத்து சேனல்லயே பழியாக் கெடக்கறவதான், செலீனியம் படத்தை வால்பேப்பரா வச்சிருக்கறவதான். அதுக்காக?

"ஏண்டி, அப்பாவுக்கு என்ன மாத்திரை குடுத்துத் தொலைச்ச?"

"சத்தியமா ஒண்ணும் குடுக்கலம்மா!"

"பின்ன காத்துலேர்ந்தா வந்துச்சு?"

என் அலமாரியைக் கொட்டிக் கவுத்தாங்க. அப்பா வாயே திறக்கல. நானும் விடல, அவர் வாய்க்குள்ள போற ஒவ்வொண்ணையும் மோப்பம் புடிச்சேன். சாப்பாட்டுக்கு முன்னாடி பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கறார், வர்றப்போ சட்டைப்பை புடைச்சிருக்கு. துவைக்கப் போட்ட சட்டையில கையை விட்டேன். நசுங்கின ட்யூப், பல்செட்டை ஈறோட ஒட்டுற பசை! லேபிள்ல ஜிங்க்! சித்தப்பா, அப்பாவுக்குப் பல்செட்டு! அம்மாவுக்கே தெரியாது! கடுகளவு வைக்க வேண்டியதை, செட்டு லூசுன்னு ட்யூப் ட்யூபாப் பிதுக்கி, சாப்பாட்டோட முழுங்கியிருக்கார்.

பசையை நிறுத்தி காப்பர் ஏத்துறாங்க. போன நரம்பு எவ்வளவு திரும்பும்னு டாக்டருக்கே தெரியாதாம். தினமும் கால் கட்டைவிரலைக் கிள்ளச் சொல்றார். "தெரியுதாப்பா?"ன்னா "லேசா"ங்கறார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு. எனக்குத் தூக்கமே இல்ல. பல்செட்டு விஷயம் தன் தம்பிக்கு, அதாவது உங்களுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கியிருக்கார், மானம் போயிடுமாம். அதனால நீங்க இதைப் படிக்கவே இல்ல, சரியா?

சித்திக்கு வணக்கம். உங்கள் கை, கால், நரம்பு, தாது எல்லாம் அளவோடு செழிக்க வேண்டும்,
அண்ணன் மகள்.

பி.கு.: படிச்சுட்டீங்கதானே? நல்லதாப் போச்சு, அப்பாவே சொல்லச் சொல்லிட்டார். நீங்க வந்திருந்தப்போ ரெண்டு பேரும் பல்செட்டை ஒளிச்சு வச்சது ஒரே இடமாம், பாத்ரூம் ஜன்னல் பின்னாடி. அவசரத்துல அவர் மாட்டிக்கிட்டது உங்களோடது! கேட்டா தன் குட்டு உடைஞ்சுடுமேன்னு அவர் கேக்கல, நீங்களும் கேக்கல! உங்களோடதைக் கழுவிப் பார்சல் பண்ணிட்டேன். உங்க வாயில இருக்கறதைக் கழட்டி உடனே அனுப்புங்க. இன்னைக்குக் கிள்ளுனதுக்கு அப்பா "ஆ!"ன்னு கத்திட்டார். அப்படியே சிரிச்சார் பாருங்க, வாய் நிறைய, ஒரு பல்லு இல்லாம.