ஈரக் கடன்

உலகத்தின் கடன் வரலாற்றில் பொன்னாகப் பட்ட கடன் உண்டு, நெல்லாகப் பட்ட கடன் உண்டு. தண்ணீராகப் பட்ட கடன் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெருமை உருகுவே நாட்டுக் கடற்கரை ஊரான சான் எலாடியோவில் வசிக்கும் கொத்தனார் வில்மாரைச் சேரும். ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தே முக்கால் மணி நிலவரப்படி, அவர் நகராட்சிக்குக் கட்ட வேண்டிய பாக்கி 1,634 கிராம்.

வில்மாரின் முதுகு நாற்பது வருடம் செங்கல் சுமந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ராத்திரி அவர் படுத்தால், முதுகு மட்டும் தனியாக வேலைக்குப் போய்விடும். சாப்பிட்டதும் ஒரு சிட்டிகை கஞ்சா புகைத்தால்தான் அதுவும் வீடு திரும்பும். நாட்டில் வீட்டுக்கு ஆறு செடி வளர்க்கலாம், வருடத்துக்கு 480 கிராம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முந்தின வருடம் ஒரு வாரம் முன்னதாக வெட்டிவிட்டார், தலைவலிதான் விளைந்தது. அதற்கும் முந்தின வருடம் தகரத்தின் மேல் போட்டு வெயிலில் காய வைத்தார். வைக்கோலைப் புகைத்த மாதிரி இருந்தது. ஆக, இரண்டு வருடமாகத் தூக்கம் இல்லை. இந்த முறையும் தவறினால் அடுத்த ஏப்ரல் வரை கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அதனால் இந்த வருடம் அவசரப்படவில்லை. தினமும் விடிந்ததும் பூவுக்குப் பக்கத்தில் மனைவி நெலிதாவைப் பூதக்கண்ணாடியோடு நிறுத்தினார். பூவில் ஒட்டியிருக்கும் பொடிப்பொடி முத்துகள் முதலில் கண்ணாடி மாதிரி இருக்கும், பிறகு பால் மாதிரி ஆகும், கடைசியில் தேன் நிறம் ஏறும். அங்கங்கே தேன் தலைகாட்டும்போது வெட்டினால்தான் பதம்.

"என்ன தெரியுது?"

"எல்லாம் பாலு. அங்கங்க தேனு."

"தேன் எத்தனை?"

"அஞ்சுக்கு ஒண்ணு இருக்கும். யோவ், நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீ என்னை இவ்வளவு கிட்ட வந்து பாக்கலையே!"

"உன்னை வெட்டிக் காயப்போட வேண்டியதில்லையேம்மா."

அன்று திங்கள்கிழமை. அன்றைக்கே வெட்டினார். உலர்த்துவதில் ஒரு கொத்தனாருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அவசரமாகக் காய்ந்த பூச்சு வெளியே வெடிக்கும், உள்ளே ஈரம் கட்டி நிற்கும், பூவும் அப்படித்தான். படுக்கையறையை இருட்டாக்கி, ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்து, கிளைகளைச் சுவரில் படாமல் தலைகீழாகத் தொங்கவிட்டார். கட்டில் சமையலறைக்குப் போனது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வில்மார் நேர்மையானவர். வெட்டிய இருபத்து நாலு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது நகராட்சி விதி. போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பக்கத்து வீட்டு மீனவர் அதெமார் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "மச்சான், நான் பன்னெண்டு வருஷமா வளக்குறேன். நான் வளக்குறது என் செடிக்கே தெரியாது. நீ போய் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்திருக்க!"

மறுநாள் காலை 'வீட்டுச்செடி உலர்நிலை மேற்பார்வைத் துணைப் பிரிவின்' அதிகாரி பென்தாங்கோர் வந்தார். ஒரு கையில் தராசு, மறு கையில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவை, அக்குளில் வெந்நீர் பிளாஸ்க், முகத்தில் சட்டம். நிறுத்தார். 2,114 கிராம்.

"1,634 அதிகம்," என்றார்.

"சார், இது ஈரம். நேத்து வெட்டுனது. காஞ்சா நாலுல ஒரு பங்குகூட நிக்காது."

"நீங்க தண்ணின்னு சொல்றீங்க, தராசு கிராம்னு சொல்லுது. நான் தராசு கட்சி."

"அப்ப இந்த 1,634?"

"பாக்கி. காயக் காயக் கழிஞ்சிரும். முழுசாக் காஞ்சிருச்சுன்னு நான் எழுதித் தர்ற வரைக்கும் நீங்க ஒரு கிள்ளுகூடத் தொடக் கூடாது. தொட்டா மொத்தமும் பறிமுதல்."

"காஞ்சதுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"காம்பை வளைச்சா டக்குனு முறியணும். வளைஞ்சு குடுத்தா ஈரம். அதுபோக, தினசரி ஆய்வு உண்டு."

தினசரி ஆய்வுக்குத் தினசரி மாதிரி வேண்டும். துணைப் பிரிவில் ஆறு பேர். ஆறு பேருக்கும் தனித்தனியே கருத்து இருக்க வாய்ப்புண்டு என்பதால் ஆறு மாதிரி. மேல் கிளையில் இரண்டு, நடுவில் இரண்டு, அடியில் இரண்டு. அப்பழுக்கற்ற முறை! ஒவ்வொரு மொட்டுக்கும் ரசீது கொடுத்தார்கள். ரசீதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு வில்மார் விழித்திருந்தார்.

துணைப் பிரிவின் கடமையுணர்ச்சியைச் சொல்லி மாளாது. பென்தாங்கோர் ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். சான் எலாடியோவில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மணி அடிப்பவரே வேலைக்கு வருவது சந்தேகம். ஐந்தாம் நாள் மழை பெய்தது. மழை பெய்தால் மாவைத் தட்டி எண்ணெயில் பொரிப்பது நெலிதாவின் வழக்கம். முதல் நாள் தண்ணீர்கூட வேண்டாம் என்று சொன்ன அதிகாரி அன்று ஒன்பது ரொட்டி சாப்பிட்டார். பத்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு, அது எவ்வளவு வட்டமாக இருக்கிறது என்று வெகுநேரம் வியந்தார்.

ஆய்வறிக்கைகள் தவறாமல் வந்தன. ஏழாம் நாள் அறிக்கை: 'மூன்றாம் மாதிரி: ஈரம். நான்காம் மாதிரி: ஈரம். ஐந்தாம் மாதிரி: சுவர்க் கடிகாரம் மிகவும் அழகாக இருக்கிறது. ஆறாம் மாதிரி: மேற்படி.'

ஒன்பதாம் நாள் அறையின் வாசனை மாறியது. பச்சைப் புல் நாற்றம் போய், மிளகும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி ஒன்று எழுந்தது. வில்மாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"காஞ்சிருச்சு சார்! மூக்கே சொல்லுது."

பென்தாங்கோர் விறகுக் கட்டை தடிமன் இருந்த அடித்தண்டைத் தேடிப் பிடித்து வளைத்தார். அது வளைந்து கொடுத்தது. "பாத்தீங்களா? ஈரம்."

"அது அடித்தண்டு சார்! வீட்டைப் பூசிட்டு அஸ்திவாரம் காயலைன்னா எப்படி?"

"அவசரப்படாதீங்க வில்மார் அண்ணே," என்றார் அதிகாரி கனிவாக. முதல் நாள் 'குடிமகனே' என்று கூப்பிட்டவர்தான். "எல்லாம் ஒண்ணுதான். நீங்க, நான், இந்தத் தண்டு. எதுக்கு அவசரம்?"

பத்தாம் நாள் முதல் ஆறு பேரும் நேரில் வந்து மாதிரி எடுத்தார்கள். உழைப்பின் சுமை கண்களில் தெரிந்தது: பன்னிரண்டும் சிவந்திருந்தன. நெலிதா வாசலில் நின்று எண்ணினாள்.

"எடுக்க வர்றாங்க, எடுத்துட்டுப் போறாங்க. யோவ், இதுல ஆய்வு எங்கய்யா நடக்குது?"

"பேசாம இரு. ஏதாவது சொன்னா மொத்தமும் பறிமுதல்னு சொல்லிருவாங்க."

"இப்ப என்ன, மிச்சம் வச்சா பறிச்சுட்டுப் போறாங்க?"

மதிலுக்கு அப்பாலிருந்து அதெமார் குரல் கொடுத்தார். "மச்சான், கடன் எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

கடன் குறைந்துகொண்டுதான் வந்தது. பதினெட்டாம் நாள் பென்தாங்கோர் தண்டை வளைத்தார். டக்கென்று முறிந்தது. ஆறு பேரும் கை தட்டினார்கள். தராசில் வைத்தார்கள்: 31 கிராம். அத்தனையும் குச்சி.

"பாக்கி முழுவதும் தீர்ந்தது," என்று எழுதி முத்திரை குத்தினார் அதிகாரி. முதல் முத்திரை மேஜையில் விழுந்தது. இரண்டாவது தாளில் விழுந்தது. "வாழ்த்துகள் அண்ணே. இந்த ஊர்லயே கடனை இவ்வளவு சுத்தமா அடைச்ச ஆள் நீங்கதான்."

வில்மார் தாளை இரண்டு முறை படித்தார். "480 வச்சுக்கலாம். என்கிட்ட இருக்கறது 31. இந்த 449 கிராமை நகராட்சி எனக்குத் தரணுமில்ல?"

"அதுக்குப் படிவம் இல்லையே."

"சரி சார்." வில்மார் குச்சிகளைக் காகிதத்தில் சுற்றினார். "அடுத்த வருஷத்துக்காகக் கேக்குறேன். முத்து பாத்து வெட்டக் கத்துக்கிட்டேன். இந்தக் காய வைக்கிறதுலதான் எங்க தப்புப் பண்ணேன்னு தெரியல."

பென்தாங்கோருக்கு மனம் உருகிவிட்டது. வில்மாரின் தோளில் கையைப் போட்டு, காதோடு காதாகச் சொன்னார்:

"நீங்க எந்தத் தப்பும் பண்ணல அண்ணே. பதம்னா அப்படி ஒரு பதம்! ஒன்பதாம் நாளே காஞ்சிருச்சு. அன்னையிலிருந்து நாங்க ஆறு பேரும் ஆபீஸ்லயே அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறோம்."