செலவில்லாமல் சீரமைத்த படகுக் கம்பளம்

மனிதரில் பழுதுநீக்கிகள் என்றோர் இனம் உண்டு. புதியது வாங்க வழியற்றவர்கள் என்றெண்ணி இவர்கள்மீது இரக்கப்பட்டுவிடாதீர்கள். பலர் நல்ல வசதிக்காரர்கள். பழைய பொருளைக் காசில்லாமல் சரிசெய்வது இவர்களுக்கு இன்பம். அதனினும் பேரின்பம், சரிசெய்த கதையை நாலு பேரிடம் சொல்வது. சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

இவ்வினத்தின் கொழுத்த மாதிரி, செஞ்சியில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த ஜெயபால். அவருக்கு வாழ்க்கைப்பட்ட இருபது ஆண்டுகளில், கம்பியால் கட்டப்படாத குடை ஒன்றை லீலாவதி அம்மாள் தம் வீட்டில் கண்டதில்லை.

புதுச்சேரியை விட்டுத் தாய்நாட்டுக்குக் கப்பலேறிய பிரெஞ்சு துரை ஒருவர் ஏலத்தில் விட்ட சிறு படகை வாங்கிவந்து, ஜெயபால் பனமலை ஏரியில் மிதக்கவிட்டார். அதன் தரையில் பச்சைக் கம்பளம். ஓரமெங்கும் பித்தளைப் பிரஸ் பட்டன்கள். அழுத்தினால் பலகையைப் பற்றிக்கொள்ளும், இழுத்தால் கழன்றுவரும். துரையின் பூட்ஸ் தேய்த்த இடங்களில் கம்பளம் நூல்நூலாய்ப் பிரிந்திருந்தது. பட்டன்களில் பாதி களிம்பேறிப் பிடிப்பற்றுப் போயின.

இந்நிலையில், மகள் சந்தனாவைத் தம் மகனுக்குப் பெண்பார்த்துப் போன வந்தவாசி தர்மநாதன், ஞாயிறன்று முடிவு சொல்ல வருவதாக எழுதினார். தோல் செருப்பைக்கூடத் தொடாதவர், ஜெயபாலைவிட ஆசாரமான சமணர். அவரைப் படகில் ஏற்றி மகிழ்விப்பதென்று ஜெயபால் முடிவுகட்டினார்.

பஸ் சீட் தைக்கும் வீராசாமி கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தான். “கிழிஞ்ச எடத்துக்கு அடியில கான்வாஸ் குடுத்துத் தெச்சி, செத்த பட்டன மட்டும் மாத்திட்டா போதுங்க. அஞ்சு ரூபாய்ல முடிஞ்சிடும்.”

“அஞ்சு ரூபாயா? நான் இன்னா கப்பலா கட்டச் சொன்னேன்?”

கிழிசலுக்கடியில் கடலைச் சாக்கை வெட்டிவைத்து, சாக்கு தெரிந்த இடங்களில் பச்சை மையைப் பூசி, செத்த பட்டன்களுக்கு மாற்றாக மனைவியின் ரவிக்கைகளிலிருந்த பிரஸ் பட்டன்களையெல்லாம் பிய்த்தெடுத்து, அவை குன்றிமணி அளவேயாதலால் பலகையைப் பற்ற மறுத்தபின், தச்சர் அரிகிருஷ்ணனிடம் வஜ்ரப் பசையை இலவசமாகக் கேட்டுவாங்கிக் கம்பளத்தைப் பலகையோடு ஒட்டியேவிட்டார் ஜெயபால். கழற்றி மாட்டுவதற்கென்றே பிறந்த கம்பளம்! ரவிக்கைகள் ஊக்குக்கு மாறின.

லீலாவதி பசைச்சட்டியை முகர்ந்து பார்த்தார். “இன்னாங்க, வஜ்ரம் மாட்டுத்தோல்ல காய்ச்சறதாச்சே. அவரு காலு படப்போவுதே!”

“காஞ்சிட்டா அது வெறும் பசை, லீலா.”

“வேற பசை போட்டு ஒட்டுங்க.”

“அதுக்குக் காசு?”

“அப்ப அவருகிட்ட வாயையாவது தொறக்காம இருங்க. உங்க பொண்ணு வாழ்க்கைங்க!”

ஞாயிறு வந்தது. தர்மநாதனும் வந்தார். லீலாவதியும் ஏறிக்கொள்ள, படகு மெல்ல நகர்ந்தது. நாற்றம் ஏதும் எழவில்லை, சாக்கும் தெரியவில்லை. சந்தனாவைப் பிடித்திருப்பதாகவும், தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாமென்றும் தர்மநாதன் தொடங்கினார். லீலாவதி அப்போதுதான் மூச்சுவிட்டார்.

“கம்பளம் அழகா இருக்குதே, புதுசா?” என்றார் தர்மநாதன், பேச்சுவாக்கில்.

பழசுதாங்க என்றொரு சொல் போதாதா? போதும், உமக்கும் எனக்கும். பழுதுநீக்கிக்குப் போதுமா?

“புதுசா! ஒருத்தன் அஞ்சு ரூபா கேட்டான் சம்பந்தி. நான் விடுவனா?” என்று தொடங்கினார் ஜெயபால். கடலைச் சாக்கு வந்தது. ரவிக்கைப் பட்டன் வந்தது, லீலாவதி தலைகவிழ்ந்தார். “வெயிலு ஏறுதுங்க, கரைக்குப் போயிடலாம்” என்று குறுக்கிட்டும் பார்த்தார். “இரு லீலா, முக்கியமானதே இனிமேதான்!”

வஜ்ரமும் வந்தது.

தர்மநாதன் இரு கால்களையும் தூக்கிக்கொண்டார். “தோலு காய்ச்சின பசையா? இதும்மேலயா என்ன ஒக்காரவெச்சீங்க?”

“ஓசிங்க...”

“படகத் திருப்புங்க.”

கரையில் மும்முறை கால் கழுவிவிட்டு, சமைத்துவைத்திருந்த சாப்பாட்டைத் தொடாமலே அவர் பஸ் ஏறினார். தை மாதத்தைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

“சந்தனாவுக்கு இன்னா பதில் சொல்லப்போறீங்க?” லீலாவதி கேட்டார்.

படகுக்குள் குனிந்து கம்பளத்தின் ஓரத்தை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயபால் நிமிர்ந்தார். “மனுசன் அந்தக் குதி குதிச்சாரே, எங்கியாவது ஒரு எடத்துல பசை விட்டுதா பாத்தியா?”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், இதைப் படிக்க நீங்கள் மாட்டியிருக்கும் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியில் ஏன் கறுப்பு நூல் சுற்றியிருக்கிறது? கடைக்காரன் கேட்ட தொகையையும் அவனை நீங்கள் மடக்கிய விதத்தையும் இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? இக்கட்டுரையை உங்கள் இல்லத்தரசியிடம் படித்துக்காட்டுங்கள். அவர் சிரிக்கமாட்டார்.