ஏழாம் கேள்விக்கு உங்கள் பெயர்

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

அன்பும் மரியாதையும் அவற்றைவிடச் சற்று அதிகமாகப் பயமும் கலந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் மகளும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நீங்கள் வருவதாகச் சொன்ன இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அப்படியே இருக்க வேண்டுமானால், தயவுசெய்து அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வராதீர்கள்.

காரணத்தைப் போனில் சொல்ல வழியில்லை. நான் போனை எடுத்தாலே பக்கத்தில் ஒருவர் வந்து நிற்கிறார். இதையும் அலுவலகக் கழிப்பறையில் மடிமேல் ஃபைலை வைத்துத்தான் எழுதுகிறேன். அவர் வெளியே நின்றுகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டி, "சார், உள்ள நல்லா இருக்கீங்களா?" என்கிறார். அவர் என் மெய்க்காப்பாளர்.

சிரிக்காதீர்கள் மச்சான். அடுத்தவர் சேமிப்பைப் பங்குச் சந்தையில் போட்டு நிர்வகிக்கிற கம்பெனி எங்களுடையது. நஷ்டப்பட்டவர் யாராவது கோபத்தில் கைவைத்துவிடக் கூடாதே என்று இருபதாம் மாடி அதிகாரிகளுக்கு மட்டும் ஆளுக்கொரு மெய்க்காப்பாளர் உண்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் நானும் பதவி உயர்வில் அந்த மாடிக்கு வந்தேன். என் பின்னால் மட்டும் யாரும் வரவில்லை. இந்த நேரம் பார்த்து ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பியது. பக்கத்து அறைக்காரர், "காவல் போடலைன்னா கம்பெனிக்கு நீங்க முக்கியமில்லைன்னு அர்த்தம். முதல் சீட்டு உங்களுக்குத்தான் கிழியும்" என்று காதில் ஓதினார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்குக் கல்லூரி இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. ஐம்பத்தொரு வயதில் என்னை எவன் வேலைக்குச் சேர்ப்பான்? எனக்கும் ஒரு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

காவல் நிறுவனத்து அம்மாள் ஒருவர் படிவத்தோடு வந்தார். ரத்த வகை, உயரம், தினசரி போகும் பாதை என்று ஆறு கேள்விகள் மளமளவென்று முடிந்தன. ஏழாவது கேள்வி, 'உங்களுக்குத் தீங்கு செய்யக்கூடியவர்கள் யார்?' நான் அதைக் காலியாக விட்டேன். "எதிரியே இல்லாதவருக்கு ஆள் எதுக்கு சார்? ஒருத்தர் பேராவது எழுதுங்க. இல்லேன்னா ஃபைலை மூடிட்டுப் போயிடறேன்" என்றார் அந்த அம்மாள். யோசித்து யோசித்துப் பார்த்தேன். என் மேல் கோபப்படும் அளவுக்கு இதுவரை யாரும் என்னை மதித்ததே இல்லை மச்சான். கடைசியில் நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள். கல்யாண மண்டபத்தில் போட்டோ எடுக்கும்போது என் தோளில் கைபோட்டு, "என் தங்கச்சி கண்ணு கலங்குச்சுன்னா, உங்களைச் சும்மா விடமாட்டேன் மாப்ள" என்றீர்கள் அல்லவா? உலகத்தில் எல்லா அண்ணன்களும் சொல்வதுதான். நான் அதைத் தேதியோடு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

'நேரடி மிரட்டல்' என்று அதற்குத் தலைப்புப் போட்டது நானில்லை, அந்த அம்மாள். உங்களுக்கு என்ன தொழில் என்று கேட்டார். இரும்புக்கடை என்றேன். 'ஆயுதம் கைவசம் உண்டு' என்று எழுதிக்கொண்டார். அடையாளத்துக்குப் போட்டோ கேட்டார், கல்யாணப் போட்டோவைக் கொடுத்தேன். மாலையோடு நின்ற என்னை வெட்டித் தள்ளிவிட்டு உங்கள் முகத்தை மட்டும் பெரிதாக்கி மெய்க்காப்பாளர் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறார்.

இந்த மனிதரோடு நான் படும் பாடு எதிரிக்கும் வரக்கூடாது. (உங்களைச் சொல்லவில்லை.) தினம் ஒரு வழியாக அலுவலகம் கூட்டிப்போகிறார், தினமும் தாமதம். முடிவெட்டப் போனால் கத்தியையே முறைத்துக்கொண்டு நின்றார். முடிவெட்டுகிறவர் கத்தியை விட்டுவிட்டு அவரையே பார்த்ததில், என் மீசையில் இடது பாதி போய்விட்டது. மீதியை நானே எடுத்துவிட்டேன். நேற்று நான் தக்காளி வாங்கி வர மறந்ததற்கு உங்கள் தங்கை என்னிடம் குரலை உயர்த்தினாள். அவர் சட்டென்று எங்களுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டு, "மேடம், ரெண்டடி தள்ளி நின்னு திட்டுங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்ததில்லைதான். ஆனாலும் அவர் கையைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்தக் கை ஒரு நாள் உங்கள் கழுத்துக்குப் போகும் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

நீங்கள் வந்தால் எப்படி வருவீர்கள்? மணி அடிக்க மாட்டீர்கள். கேட்டைத் தள்ளித் திறந்து, "எங்க மாப்ள? இன்னிக்கு அவரை ஒருவழி பண்ணாம விடறதில்லை" என்று தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டு வருவீர்கள். கையில் கடையிலிருந்து ஏதாவது கம்பியோ குழாயோ இருக்கும். அடுத்த நிமிடம் நீங்கள் தரையில் கிடப்பீர்கள். உங்கள் தங்கை கண் கலங்குவாள். அவள் கலங்கினால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். நீங்கள் விடாவிட்டால் அவர் உங்களை விடமாட்டார். இதற்கு முடிவே இல்லை. எதிரி என்று எழுதிக் கொடுத்தது உங்கள் தங்கைக்குத் தெரியாது. தெரிந்தால் என்னைக் காப்பாற்ற இருபது பேர் வந்தாலும் பத்தாது. ஆகவே முதுகுவலி என்றோ கடையில் சரக்கு வருகிறது என்றோ சொல்லி நின்றுவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். கதவைத் தட்டுகிறார், முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நல்லதையே நினைக்கும்
மாப்பிள்ளை

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வாருங்கள். கடிதத்தை மடிக்கும்போதே எம்.டி. கூப்பிட்டனுப்பினார். சொந்தக் குடும்பத்திலேயே மிரட்டல் உள்ள அதிகாரியை வைத்திருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்தாம். என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன், என் பின்னால் நின்ற மெய்க்காப்பாளரைக் காணோம். எம்.டி.க்கு முன்னால் போய் என்னைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். "மன்னிச்சுக்குங்க சார். அவரோட ஏழாவது கேள்வியில இப்ப உங்க பேரு" என்றார். என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, உங்கள் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். அது இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். எதிரி என்று எழுதவும் எனக்கு உங்களைவிட்டால் ஆளில்லை, கூட நிற்கச் சொல்லவும் ஆளில்லை. வழக்கம்போலக் கேட்டைத் தள்ளிக்கொண்டு சத்தமாகவே வாருங்கள். வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள்.