சரிவில் நின்று தின்னும் ஆடு

'தெரியாது' என்ற ஒரு சொல் மட்டும் வாயில் வராமலேயே பிறந்துவிட்ட மனிதர்கள் ஓர் இனமாகவே இருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். மொரப்பூரில் அவர் பெயர் நஞ்சப்பன். எப்போதோ ஒரு கல்யாணத்துக்கு ஊட்டிக்குப் போய், நான்கு நாளும் குளிருக்குப் பயந்து அறையிலேயே இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டுத் திரும்பியவர், அன்றிலிருந்து மலை, மலைமேல் மேகம், மேகத்துக்குள் மேயும் ஆடு எல்லாவற்றுக்கும் அத்தாரிட்டி ஆகிவிட்டார். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்.

யுத்த காலத்தில் ஒருநாள், ராணுவ ரயில்களுக்கு வழிவிடுவதற்காக ஒரு சர்க்கஸ் கம்பெனியின் வண்டியை மொரப்பூர் ஸ்டேஷனில் ஓரங்கட்டினார்கள். கூண்டுகள் பிளாட்பாரத்தில் இறங்கின. ஒன்றில் இமயமலைப் பக்கத்து ஆடு. ஆடென்றால் ஆடு, மானென்றால் மான்; கழுத்தில் பிடரிமயிர், பின்னால் வளைந்த குட்டைக் கொம்பு. கம்பெனி போட்ட வைக்கோலை அது இரண்டு நாளாக மோந்துகூடப் பார்க்கவில்லை. குட்டியிலிருந்து அதை வளர்த்த கவுஸ் பாஷா, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

நஞ்சப்பனை அழைத்து வந்தார்கள். இப்படியொரு பிராணியை அவர் கனவில்கூடக் கண்டதில்லை. ஆனால் ஊரே அவர் முகத்தையல்லவா பார்க்கிறது? கையை உள்ளே விட்டு ஆட்டின் உதட்டைத் தூக்கினார்.

"மேல் முன்பல்லு ஒண்ணுகூட இல்லீங்க. கெழடு. ராகிக் கூழு காய்ச்சிக் குடுங்க."

"அய்யோ பாவமே!" என்றாள் ராமக்கா. வீடு நிறைய ஆடு வளர்ப்பவள். கூடியிருந்தவர்களில் ஆடு வளர்க்காதவர் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்தான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ராமக்கா மடியில் கொஞ்சம் ஆலந்தழை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "இதக் கொஞ்சம் போட்டுப் பாக்கலாங்களா?"

"நாட்டுத் தழைய மோந்தாலே இது செத்துருங்க!"

கூழ் வந்தது. ஆடு திரும்பி நின்றுகொண்டது. நஞ்சப்பன் அசந்துவிட்டாரா? இந்த இனம் அசந்ததாகச் சரித்திரம் உண்டா?

"மலையாடு சமதரையில திங்காதுங்க. சரிவு வேணும்!"

ஆறு பேர் மூச்சைப் பிடித்துக் கூண்டின் ஒரு பக்கத்தைத் தூக்கி, அடியில் கருங்கல் அடுக்கினார்கள். ஆடு நிற்க முடியாமல் வழுக்கி, சறுக்கி, கம்பிகளுக்கிடையே மூஞ்சி புகுந்து, நேரே ராமக்காவின் மடியில் போய் முட்டியது. முட்டிய வேகத்தில் தழையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.

"யா அல்லா! திங்குதுங்க!" கவுஸ் பாஷா அழுகையும் சிரிப்புமாக நஞ்சப்பனைக் கட்டிக்கொண்டார்.

"நாந்தான் சொன்னனே, சரிவுன்னு!"

அடுத்த ஆட்டம் நடக்கவிருந்த சேலத்துக்கும் கூண்டு சாய்ந்தபடியே போயிற்று. ராமக்கா வீட்டுக்குப் போன கையோடு தன் ஆடுகளின் உதட்டையெல்லாம் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுக்கும் மேல் முன்பல் இல்லை. போன மாதம் பிறந்த குட்டிக்கும் இல்லை.

"அடி ஆத்தா, அத்தனையும் கெழடு தட்டிப்போச்சே!" என்று பெரிய பானையில் கூழுக்கு உலை வைத்தாள்.

சிரிக்கிறீர்களா? உலகத்தில் எந்த ஆட்டுக்கும் மேல் முன்பல் கிடையாது. நஞ்சப்பன் 'கெழடு' என்றபோது, நீங்களும் 'அய்யோ பாவம்' என்றுதானே தலையாட்டினீர்கள்?