உப்புக்கு யார் பொறுப்பு?

"இதைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க அண்ணே," என்று முதல் மாடித் தையல்கார அக்கா டம்ளரை நீட்டினார்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் அப்போதுதான் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவி, வால்வைத் திறந்துவிட்டு, முழங்கால்வரை நனைந்த பேண்ட்டோடு இறங்கி வந்திருந்தார். டம்ளரை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். நாக்கில் உருட்டினார். விழுங்கினார்.

"உப்பு," என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். இதுல காபி போட்டு வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். என் மேல என்ன கோபம்னு கேக்கறார்."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் குடிநீர் அலுவலகத்திலிருந்து அதிகாரி அம்மா வருகிறார். அதற்காகத்தான் விடிந்ததும் விடியாததுமாகத் தொட்டி கழுவல். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் செயலாளர் பதவி நிலைக்கும். இல்லாவிட்டால் அது கீழ்த்தளத்துப் பல் டாக்டருக்குப் போய்விடும்.

பதவி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மொட்டைமாடிச் சாவியும், தொட்டியின் பெரிய வால்வைத் திறந்து மூடும் உரிமையும், அவ்வளவுதான். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவர் சொல் கேட்டு நிற்பதும் ஓடுவதும் இந்த உலகத்தில் அந்த வால்வு ஒன்றுதான். வீட்டில் அவர் சொன்னால் மின்விசிறிகூட நிற்காது.

பல் டாக்டரோடு போன கூட்டத்திலேயே உரசல். ரப்பர் குழாய் மாட்டியிருக்கும் இடங்களில் எல்லாம் ஒரு தடுப்பு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீர் குழாய்க்குள் திரும்பிப் போய்விடும் என்று டாக்டர் பேசினார். செயலாளர் எழுந்து நின்றார்.

"வெளியே வந்த தண்ணி, குடையை மறந்துட்டேன்னு திரும்பி உள்ளே போகுமா டாக்டர்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தடுப்பு யோசனை அதோடு படுத்துவிட்டது.

அந்த வெற்றியை இந்த உப்பு வந்து கரைக்க விடுவதா? செயலாளர் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். வால்வை இறுக்கி மூடினார். படிக்கட்டு நடுவில் நின்று, கீழ் மாடிக்காரர்கள் எல்லாரும் குழாய்களைத் திறந்துவிட்டுப் பழைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடிக்க வேண்டும் என்று தொண்டை கிழிய உத்தரவு போட்டார். எல்லாரும் வடித்தார்கள். பிறகு வால்வைத் திறந்துவிட்டு, வீடு வீடாகப் போய் டம்ளர் டம்ளராகக் குடித்துப் பார்த்தார்.

முதல் மாடியில் மட்டும் இருந்த உப்பு இப்போது இரண்டாம் மாடிக்கும் வந்திருந்தது. கீழ்த்தளத்தில் கேட்கவே வேண்டாம்.

நான்காவது மாடியில் அவருடைய வீட்டுச் சமையலறைக் குழாயில் மட்டும் தண்ணீர் தேனாக இருந்தது. அதைப் பெருமையாகச் சொன்னபோது மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது இருக்கட்டும். கடையில உப்பு வாங்கிட்டு வாங்க. நேத்துப் பிரிச்ச பாக்கெட் அதுக்குள்ள காலி."

"கட்டடமே உப்பாக் கிடக்கு. உனக்கு உப்பு வேணுமா?"

பால்கனியில் செடிகளுக்கு நடுவே மாமனார் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். வந்து ஒரு வாரம் ஆகிறது. தங்கமான மனிதர். குறை என்று சொன்னால் ஒன்றுதான், மாப்பிள்ளை வீட்டில் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார். காபியில் சர்க்கரை போட மறந்தால், மருத்துவர் சொன்னதுபோலக் குடித்துவிட்டுப் பிரமாதம் என்பார். செயலாளர் வாசற்படியில் நின்றபடியே நலம் விசாரித்தார். பேப்பருக்கு மேலே ஒரு கும்பிடு எழுந்து இறங்கியது.

திரும்பி நடக்கும்போதுதான் செயலாளருக்குப் பளிச்சென்று பொறி தட்டியது. மேலே தேன், கீழே உப்பு. அப்படியானால் உப்பு கீழே இருந்துதான் ஏறி வருகிறது. கீழே யார் இருக்கிறார்?

மூச்சு வாங்க டாக்டரின் மருத்துவமனைக்குள் நுழைந்தார். நாற்காலியில் ஒருவர் கன்னம் வீங்க வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் ஒரு பாட்டில் நிறைய உப்பு.

"கையும் களவுமா மாட்டினீங்க டாக்டர்," என்றார் செயலாளர்.

கொப்பளிக்கிற தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகிறது, குடிக்கிற குழாய்க்குள் இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். செயலாளர் கேட்கும் நிலையில் இல்லை. உடம்பெல்லாம் குதூகலம். மறுபடி மேலே ஓடி வால்வை மூடினார், கீழே ஓடி வந்து ஸ்பானரால் டாக்டரின் நாற்காலிக்குப் போகும் குழாயைத் தன் கையாலேயே கழற்றினார். உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் தரையில் கொட்டியது. நோயாளி திறந்த வாயை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் முனையை இறுக்கி அடைத்தார். மீண்டும் மேலே ஓடி வால்வைத் திறந்தார்.

தையல்கார அக்கா டம்ளரோடு வாசலிலேயே காத்திருந்தார்.

"இப்ப ஊறுகாயே போடலாம் அண்ணே."

சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குழாய்கள் சற்று ஓய்வெடுக்கட்டும் என்று செயலாளர் நான்காவது முறையாக வால்வை மூடிவிட்டுக் கீழே இறங்கவும், அதிகாரி அம்மா வரவும் சரியாக இருந்தது. சின்ன உருவம், நிதானமான குரல். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, கீழ்த்தளக் குழாயில் வடிந்த கடைசித் தண்ணீரைப் பிடித்தார். என்ன நடந்தது என்று கேட்டார். செயலாளர் தம்முடைய ஓட்டங்களை ஒன்று விடாமல் விவரித்தார். தம்மைத் தவிர வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் படுத்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"ஒவ்வொரு தடவையும் நீங்க வால்வை மூடின பிறகுதான் உப்பு கூடியிருக்கு, இல்லையா?" என்றார் அதிகாரி.

செயலாளர் யோசித்தார். யோசித்தது பிடிக்காமல் நிறுத்தினார்.

"மேலே அடைச்சுட்டுக் கீழே திறந்துவிட்டா, குழாய்ல இருக்கற தண்ணி இறங்கும். இறங்கும்போது மேல் வீட்டுல எந்தக் குழாய் திறந்திருக்கோ, அது வழியா உறிஞ்சும். அதுல மாட்டின ரப்பர் குழாயோட முனை ஏதாவது வாளிக்குள்ள முங்கிக் கிடந்தா, வாளியில இருக்கறதெல்லாம் கீழ் வீடுகளுக்கு வந்துடும். ஒரு சின்னத் தடுப்பு வெச்சிருந்தா வராது."

எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவர் ஏதாவது பேசியிருந்தால்கூடச் செயலாளருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மானம் போகிற நேரத்தில் நிதானம் எங்கே நிற்கும்? செயலாளர் அந்தப் பாட்டில் தண்ணீரைத் தாமே டம்ளரில் ஊற்றி, எல்லாரும் பார்க்க மடமடவென்று குடித்தார். இன்னொரு டம்ளரும் ஊற்றிக் குடித்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"அப்படி ஒரு பொறுப்பில்லாத வீடு இந்தக் கட்டடத்துல இருந்தா காட்டுங்க. இந்தச் சாவியை இங்கேயே டாக்டர் கையில கொடுத்துடறேன்."

அப்போது படிக்கட்டிலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மாமனார் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. இத்தனை பேரை எதிர்பார்க்காததால் கூசிப்போய்ச் செயலாளரின் காதருகே வந்து மெதுவாகத்தான் பேசினார். ஆனாலும் கடைசி நாற்காலிவரை கேட்டது.

"கேக்கவே சங்கடமா இருக்கு மாப்பிள்ளை, வேற வாளி இருந்தா கொடுங்களேன், பித்தவெடிப்புக்கு இதமா இருக்குமேன்னு, செடிக்கு ஊத்தற பைப்பைத் திறந்து இதுக்குள்ள போட்டு, உப்பைக் கரைச்சுக் காலை வெச்சு உட்கார்ந்தா, இன்னைக்கு மட்டும் நாலு தடவை தண்ணியெல்லாம் தானா எங்கேயோ போயிடுச்சு."