ஃபீஸ் மாமாவின் பால்பவுடர் டப்பா

ஃபிஜித் தீவில் கோர்ட்டு ஃபீஸைக் கண்டு ஃபீஸ் மாமா அளவுக்குக் கொதித்தவர் இதுவரை பிறந்ததில்லை. இனிப் பிறந்தாலும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுவார். இத்தனைக்கும் கோர்ட்டில் அந்த ஃபீஸை வாங்கும் கவுன்டரிலேயே முப்பது வருஷம் உட்கார்ந்தவர்.

"வீட்ட விட்டுத் தொரத்துறான்னு அழுதுகிட்டு வர்றவகிட்டயே காசு புடுங்குறானுவளே! அந்தக் காசுல அவளுக்கு ஒரு வக்கீல் வெச்சா என்னா? ரெண்டு மாச வாடக குடுத்தா என்னா?" என்று நசினு ஊருக்குப் போகும் மினிபஸ்ஸில் டிரைவரின் காதருகே கத்துவார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. பாவம், ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

இதையே மனுவாக எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினார். பதில் வருவதற்குள் ராணுவம் வந்துவிட்டது. புது அரசுக்குப் புது மனு டைப் அடித்தார். அடுத்த ஆட்சிக் கவிழ்ப்பில் அதுவும் போச்சு. ஒரே ஒருமுறை பதில் வந்தது: மனுவுக்கு உரிய கட்டணம் கட்டப்படவில்லை.

அன்றே, எங்கள் தெருவில் சாயங்காலம் யங்கோனா என்கிற போதைவேர்ப் பொடியைக் கரைத்துக் குடிக்கிற கொட்டகையில் ஒரு பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். இனி யாரைப் பற்றிப் புகார் சொன்னாலும் ஒரு டாலர். ராணுவத்தைத் திட்ட இரண்டு. எங்கள் ஆட்களால் வாயை மூடிக்கொண்டு குடிக்க முடியுமா? டப்பா வாரா வாரம் நிரம்பியது.

கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து, இரண்டு பிள்ளைகளோடு எங்கள் தெருவில் ஒரு தகர அறைக்கு வாடகைக்கு வந்திருந்தாள் தேவகி. வருஷக் கடைசி வரை இருக்கலாம் என்று காகிதமே இருந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்குக் கனடா விசா கிடைத்ததும், வீட்டை விற்பதற்காக, ஒரு மாச பாக்கியைக் காட்டி, வெள்ளிக்கிழமைக்குள் காலி செய் என்றார். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த மனுஷனே கொட்டகைக்கு வந்து, "அவ வாடக குடுக்கல, மாமா" என்றார்.

"புகாரா? போடு ஒரு டாலரு."

போட்டார், பேசினார். மறுபடி போட்டார், பேசினார். ஏழு புகார் முடிந்ததும் மாமா டப்பாவைக் கவிழ்த்து பாக்கியை எண்ணி அவர் கையிலேயே கொடுத்தார்.

"உன் பாக்கி தீந்துச்சு. மிச்சத்துல அவளுக்கு வக்கீலு வெச்சாச்சு. கோர்ட்டுல பாப்போம்."

வருஷக் கடைசி வரை தேவகியை யாராலும் அசைக்க முடியவில்லை. அந்த வக்கீல்தான் அதற்குள் நியூசிலாந்துக்குப் போய்விட்டார்.

பிறகு என் முறை. ஆக்லாந்துக்குப் பெட்டியோடு கிளம்பி நின்ற என் முன்னால் டப்பாவை நீட்டினார்.

"ஓடிப்போற ஃபீஸு. அஞ்சு டாலரு."

இந்த நேரத்திலுமா என்று எரிச்சலோடு போட்டேன். மாமா டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு கத்தை நோட்டை எடுத்து என் கையில் திணித்தார்.

"அங்க நீயும் வாடகக்காரிதான, மவளே. எவனாச்சும் தொரத்துனா எழுதிப் போடு."

ஆக்லாந்தில் எத்தனையோ மாதம் வாடகைக்குப் பணம் பற்றாமல் திண்டாடினேன். அந்த ஃபிஜி நோட்டுகளை மாற்ற மட்டும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.