நாலாவது யோசனையை வாபஸ் பெறும் விண்ணப்பம்

வெள்ளவத்தை,
விஜயதசமி.

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

தங்களுக்கும், பிழை திருத்துகிறவர் உட்பட அலுவலகத்தார் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். அங்கு யாவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் நலம் என்று எழுத முடியாத நிலையில் இருப்பதால் அந்த வசனத்தைத் தவிர்த்து நேரே விடயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் 'சோலைவரியைச் சீர்திருத்தப் பத்து யோசனைகள்' என்ற என் கடிதத்தை அரைப் பக்கத்துக்குப் பிரசுரித்தீர்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்று, ஒன்பது வருடமாகச் சும்மா இருந்த எனக்கு அது பெரிய கௌரவம். இருபது பிரதி வாங்கினேன். ஒழுங்கையின் கழிவுநீர்க் கான்கள் நாறுவதும் தெருவிளக்கு எரியாததும் மாநகர சபையிடம் காசு இல்லாததால்தான், காசு இல்லாதது வீடு, கடைகளுக்கான இந்தச் சோலைவரியை ஒழுங்காக அறவிடாததால்தான் என்று அதில் நிறுவியிருந்தேன். நாலாவது யோசனை இது: வீட்டுக்கு ஒரு வீதம், வியாபாரத்துக்கு அதைவிடக் கூடிய வீதம் என்று இருக்கும்போது, வீடு என்று பதிந்துவிட்டு உள்ளே வியாபாரம் நடத்துகிறவர்களை அதிகாரிகள் வாசல்வாசலாகப் போய்ப் பார்த்து, வியாபார வீதத்துக்கு மாற்ற வேண்டும். எழுதும்போது என் மனதில் இருந்தது எதிர்வீட்டு வினோதன் மாஸ்டரின் கணித வகுப்பு மட்டும்தான். சத்தியமாக வேறு யாரும் இல்லை.

என் மனைவி அருந்ததி மிளகாய்த்தூள் செய்கிறாள். பன்னிரண்டு வருடமாக எங்கள் குசினியில் செத்தல் மிளகாய் வறுபட்டு, தூளாகி, பையில் அடைபட்டு, வெள்ளவத்தையில் பாதி வீடுகளுக்கும் கனடாவுக்கும் போகிறது. இது வியாபாரம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வியாபாரம் என்றால் கடை இருக்கும், முதலாளி இருப்பார், வாசலில் போர்டு தொங்கும். போர்டு போடட்டா என்று அருந்ததி இரண்டு தரம் கேட்டபோது, பிரதம லிகிதர் வீட்டு வாசலில் போர்டா என்று மறித்தவனே நான்தான்.

போன கிழமை சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஒழுங்கை வீடுகளைப் பார்வையிட மதிப்பீட்டு உத்தியோகத்தர் ஒருவர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவாராம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மூளை வேலை செய்தது. எங்கள் பொதிகளை ஏற்றுவது கொட்டாஞ்சேனை றொபேட்டின் முச்சக்கர வண்டி. புதன்கிழமை அருந்ததி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அரைக்கும் மெஷின், பை ஒட்டும் மெஷின், தராசு மூன்றையும் அதில் ஏற்றி, நான் சொல்லும்வரை உன் வீட்டில் வைத்திரு என்று அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த அருந்ததி குசினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். அடுத்த நாள் காலை வறுத்த வாசம் போகப் பதினெட்டு ஊதுபத்தி கொளுத்திவிட்டுக் காத்திருந்தேன். அன்றுதான் வாணி விழாவின் ஒன்பதாம் நாள், ஆயுத பூசை என்பது கலண்டரில் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் பத்து மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் ஸாலிஹ் என்ற மரியாதையான மனிதர். கதிரையில் இருந்ததும் ஃபைலைத் திறந்து என் கடிதத்தின் நறுக்கை எடுத்தார்.

"சேர், இத எங்கட ஒபிஸ்ல எல்லாருக்கும் கொப்பி எடுத்துக் குடுத்தீக்கி. நாலாவது பொயின்ட் நல்ல பொயின்ட். அதுதான் ஒங்கட ஒழுங்கைல இருந்தே தொடங்குவம் எண்டு வந்தன். இங்க வியாபாரம் ஒண்டும் இல்லத்தானே?"

"ஒண்டுமில்லை," என்றேன். அவர் அதை எழுதப் பேனையைத் திறந்தபோது வாசலில் முச்சக்கர வண்டிச் சத்தம் கேட்டது. றொபேட் அரைக்கும் மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"கோவிக்காதீங்க ஐயா. அம்மா கோல் எடுத்தாங்க. இன்னைக்கு மெஷினுக்குப் பூசையாம். பூசை நேரத்தில அது எங்க வீட்ல கெடந்தா சரியில்லத்தானே."

மூன்றையும் சரஸ்வதி படத்தின் முன்னால் வரிசையாக வைத்தான். அருந்ததி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தாள். பிறகு ஓடர் எழுதும் கொப்பியையும் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்து மஞ்சள் தெளித்தாள். மெஷினிலிருந்து பறந்த தூளில் ஸாலிஹ் மூன்று தரம் தும்மிவிட்டு, "இது என்ன மேடம்?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"அது மனுசியின்ரை பொழுதுபோக்கு."

அருந்ததியின் கை அப்படியே நின்றது.

"பொழுதுபோக்கோ? உங்கட கண் ஒப்பரேசனுக்குக் காசு கட்டினது இந்தப் பொழுதுபோக்குத்தான். மகள் தனுஷியா படிச்சு முடிச்சதும் இதாலைதான். உங்கட பென்சன் பேப்பருக்கும் தேத்தண்ணிக்கும் காணும்." பிறகு ஸாலிஹின் பக்கம் திரும்பினாள். "தம்பி, வியாபாரம் எண்டு எழுதுங்கோ. பன்ரண்டு வருசம் எண்டும் எழுதுங்கோ."

வியாபாரத்துக்குப் பாவிக்கும் பகுதிக்கு மட்டும்தான் கூடிய வீதம் என்று ஸாலிஹ் ஆறுதல் சொல்லி, அளக்க நாடாவை எடுத்தார். குசினி போனது, பின் விறாந்தை போனது, பைகள் அடுக்கிய மகளின் அறை போனது, கூடத்தில் முக்கால்வாசி போனது. கடைசியில் படுக்கையறையும் என் சாய்மனைக் கதிரை கிடக்கும் மூலையும்தான் வீடாக மிஞ்சின. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆசிரியர் அவர்களே. பிடிபட்டதற்காக அல்ல. பன்னிரண்டு வருடம் அவள் உழைப்பில் சாப்பிட்டுவிட்டு, அதற்கு ஒரு பெயர் கேட்டபோது அந்தச் சொல்தான் என் வாயில் வந்தது.

கூடிய வரியைக் கட்டித் தொழிலை நடத்த ஏலுமா, நிற்பாட்ட வேண்டி வருமா என்று நேற்றிலிருந்து அவள் கொப்பியும் பேனையுமாக இருக்கிறாள். என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஆகையால் என் நாலாவது யோசனையை முற்றாக வாபஸ் பெறுகிறேன். இந்த வாபஸை முன்பு கடிதம் வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் பிரசுரித்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். கலைமகள் அருள் தங்கள் அச்சு மெஷின்களுக்கும் என்றும் கிடைப்பதாக.

இப்படிக்கு,
வா. பொன்னம்பலம்
ஓய்வுபெற்ற பிரதம லிகிதர்

பி.கு.: உறையை ஒட்ட முன் அருந்ததி இதை வாசித்துவிட்டாள். "வாபஸ் ஒண்டும் வேண்டாம்," என்றாள். "நான் கணக்குப் பாத்திட்டன். ஒரு தூள் பைக்கு எட்டு ரூவா கூட்டினால் வரியைக் கட்டலாம். நான் கட்டுறன் எண்டால் வினோதன் மாஸ்டரும் கட்டட்டும். கட்டுற காசிலை முதல் வேலையா இந்தக் கானைத் திருத்தட்டும், மழைக்கு என்ரை பொதியெல்லாம் நனையுது. அதைப் பதினோராவதா எழுதுங்கோ." ஆகவே மேலே எழுதிய ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். நாலாவது யோசனை நிற்கிறது, பதினோராவது சேர்கிறது. ஆறு வருடத்துக்கு முன்பே எழுதுவித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாளாம் ஒரு போர்டு. றொபேட் இப்போது அதைக் கேற்றில் அடித்துக்கொண்டிருக்கிறான். இடம் போதாததால் என் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கதிரை மூலையில், வீடாக இருக்கும் பகுதியில், சாத்தியிருக்கிறார்கள்.

வாசித்தேன், சரி. பிரசுரிக்கும்போது விலாசத்தைப் பிழையில்லாமல் போடவும்.
அருந்ததி பொன்னம்பலம்
உரிமையாளர்